வெள்ளிக்கிழமை மோட்டார்

வாரத்தில் ஆறு நாள் பாஞ்சாலியின் மோட்டார் சொன்ன பேச்சுக் கேட்கும். ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் அதற்கு என்ன வருமோ, யாரும் கிட்டப் போகாமலே தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஊரில் எத்தனையோ மோட்டார்கள் ஓடாமல் மானத்தை வாங்கியிருக்கின்றன. ஓடி மானத்தை வாங்கியது அது ஒன்றுதான்.

மானம் போனதற்குக் காரணம் கிணறு. மொரப்பூருக்கு மூன்று மைல் தள்ளி, மாமனார் வெட்டி வைத்துவிட்டுப் போன கிணறு அது. மூத்த மகன் கோவிந்தனுக்குப் பாதி, இளையவன் தீர்த்தகிரிக்குப் பாதி. மோட்டார் ஆளுக்கொன்று, மோட்டார் ரூம் ஒன்று, கரண்டு இணைப்பும் மாமனார் பேரில் ஒன்றே ஒன்று. திங்கள், புதன், சனி தீர்த்தகிரி வீட்டு முறை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கோவிந்தன் முறை. வியாழக்கிழமை கிணறு ஊறட்டும் என்று விட்டுவிட வேண்டும். பத்து வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குடம் தண்ணீர் அப்படி இப்படிப் போனதில்லை.

தீர்த்தகிரி பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. பொங்கலுக்கு வருவான், மாரியம்மன் பண்டிகைக்கு வருவான், நடுவில் கடுதாசி வரும். ஒன்றரை ஏக்கர் மஞ்சளைப் பார்த்துக்கொள்வது பாஞ்சாலி ஒருத்திதான். அது எண்பத்தாறாம் வருஷம், மழை ஏமாற்றிய வருஷம். ஐப்பசியில் இடி இடித்ததே தவிர மண் நனையவில்லை. அந்த இடியில் அவளுடைய பழைய ஸ்டார்ட்டர் எரிந்துபோனதுதான் மிச்சம். கைப்பிடியை மேலே தூக்கி ஓட்டுகிற இரும்புப் பெட்டி அது. அதற்குப் பதிலாக மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிற முனாப் பாய், பட்டன் வைத்த புது ஸ்டார்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பளபளவென்று பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி. பாஞ்சாலி ரொம்ப சந்தோஷப்பட்டாள். அந்த சந்தோஷம் சரியாக நாலு நாள் இருந்தது.

கார்த்திகை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, பகல் கரண்டு பன்னிரண்டு மணிக்கு வந்ததும் மோட்டார் போடலாம் என்று கோவிந்தன் கிணற்று மேட்டுக்குப் போனான். அவன் போவதற்குள் பாஞ்சாலியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய மஞ்சள் பாத்தியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பத்து வருஷத்தில் கோவிந்தன் அவளிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதைத் தன் பெண்டாட்டி ராஜாமணியிடம் சொல்வான், அவள் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வான். அன்றைக்கு வேலியைப் பார்த்துச் சொன்னான்.

"முறை நாளு மறந்துபோச்சா, இல்ல நாங்கதான் செத்துப்போயிட்டமா? கேட்டுச் சொல்லு."

வீட்டிலிருந்து ஓடிவந்த பாஞ்சாலிக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, நான் வூடு மெழுகிட்டு இருந்தேன்க்கா. என் கையப் பாருங்க, சாணி கூடக் கழுவல. நான் எங்க வந்து மோட்டார் போட்டேன்?" என்று ராஜாமணியிடம் கேட்டாள்.

"அப்ப யாரு போட்டா? மோட்டாருக்குக் கை முளைச்சுக்கிச்சா?" என்றாள் ராஜாமணி.

பாஞ்சாலி உள்ளே போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். நின்றது. கையை எடுத்தாள். மறுபடியும் ஓடியது. அழுத்தினாள், நின்றது. எடுத்தாள், ஓடியது. கைக்குழந்தை கூட இவ்வளவு அழிச்சாட்டியம் பண்ணாது. எரிச்சல் தாங்காமல் மம்மட்டிக் காம்பால் பெட்டியின் மண்டையில் நாலு குத்து குத்திவிட்டு மறுபடி சிவப்பை அழுத்தினாள். அப்புறம்தான் அடங்கியது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் இருப்பது ஒரே இணைப்பு, அதைப் பிடுங்கினால் கோவிந்தன் மோட்டாரும் ஓடாது. அதற்கு வேறு ஒரு பேச்சுக் கேட்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை முனாப் பாய் சைக்கிளில் வந்தார். எந்த வேலையானாலும் முதலில் பெட்ரோலில் நனைத்த துணியால் சாமானைத் துடைத்துவிட்டுத்தான் திறப்பார். அழுக்கோடு திறந்தால் அழுக்கு உள்ளே போகும் என்பது அவர் கணக்கு. துடைத்த துணி மஞ்சளாகிவிட்டது.

"ஒவ்வொரு மோட்டார் ரூம்லயும் இதே கதைதாம்மா. என் துணியெல்லாம் கல்யாண வூட்டு வேட்டி மாதிரி ஆயிடுது" என்று சிரித்துக்கொண்டே திறந்தார். பச்சையை அழுத்தினார், சிவப்பை அழுத்தினார். பத்து தடவை ஓட்டினார், பத்து தடவை நிறுத்தினார். கையை எடுத்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றது மோட்டார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. சோக்காத்தான் ஓடுது."

"நேத்து ஓடுச்சுங்க பாய். தானா ஓடுச்சு."

"தானா எப்படிம்மா ஓடும்? சரி, பட்டன் கீழ ஸ்பிரிங்கு லூசா இருக்கும். மாத்திடுறேன்."

ஸ்பிரிங்கு மாற்றினார். சனி ஒழுங்காக ஓடியது. திங்கள், புதன் ஒழுங்காக ஓடியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கிணற்று மேட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. களைந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கோவிந்தன் அவளுக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவன் வேலியிடம் கூடப் பேசவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை முனாப் பாய் மறுபடி வந்தார். துணி மறுபடி மஞ்சளாயிற்று, ஸ்டார்ட்டர் மறுபடி ஒழுங்காக ஓடியது.

"பாய், நீங்க வெள்ளிக்கிழமை வந்து பாருங்க. அன்னிக்குத்தான் அது ஆட்டம் காட்டுது" என்றாள் பாஞ்சாலி.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு நான் பள்ளிவாசல்ல இருப்பேம்மா. ஜும்மாவை வுட்டுட்டு உன் மோட்டாரைப் பாக்க வந்தா, எனக்கு அங்க கணக்கு வேற மாதிரி ஆயிடும். வேற எந்த நாள் வேணா கூப்பிடு."

"வேற எந்த நாளும் அது ஓடறதில்லையே!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். வெள்ளிக்கிழமை மட்டும் ரிப்பேராகிற மெசினு உலகத்துல இல்ல." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் யோசித்தார். "வேணும்னா ஒண்ணு பண்றேன். இதைக் கழட்டிட்டுப் போயி கடையில வெச்சிப் பாக்குறேன்."

அந்த வாரம் முழுக்கப் பெட்டி மொரப்பூரில் இருந்தது. அவசரத்துக்கு ஒரு பழைய கைப்பிடிப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை பாய் புதுப் பெட்டியை எடுத்துவந்து மாட்டினார். காயிலை மாற்றியிருந்தார், ரிலேயை மாற்றியிருந்தார், தகர மூடியைத் தவிர உள்ளே எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். "பத்து நாளு ராத்திரி பகலா கரண்டுல வெச்சிருந்தேன். ஒரு தடவை கூடத் தானா ஓடல. இனிமே ஓடுச்சுன்னா நான் கடையை மூடிட்டு வெத்தல விக்கப் போறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஓடியது.

இந்தத் தடவை கோவிந்தன் ஆட்களைக் கூட்டிவந்துவிட்டான். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பெரியண்ணன் வந்து, ஓடுகிற மோட்டாரையும் பாய்கிற தண்ணீரையும் கண்ணால் பார்த்தார். ராஜாமணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "எங்க சோளம் வாடிப்போய் நிக்குது. நாலு வெள்ளிக்கிழமையில மூணு வெள்ளிக்கிழமை தண்ணி போச்சு. புருசன் ஊர்ல இல்லாத பொம்பளன்னு இவ்வளவு நாளு பொறுத்தோம்" என்றாள். "திருட்டுத்தனம் பண்ணிட்டு மோட்டார் மேல பழிய போடறா."

திருட்டு என்ற சொல் அன்றைக்குத்தான் முதல் முதலாக வெளியே வந்தது. பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில் யார் சொல்லியும் கேட்காமல் நேராகக் கோயிலுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். பூசாரியிடம் கற்பூரம் வாங்கிக் கொளுத்தி, ஊர் பார்க்க உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"வெள்ளிக்கிழமையில என் வெரலு அந்தப் பச்சப் பட்டன் மேல பட்டிருந்தா, என் மஞ்ச காடு கருகிப் போகட்டும். ஒரு கிழங்கு கூட என் வூடு வந்து சேர வேண்டாம்."

மஞ்சள் வைத்திருக்கிற பொம்பளை மஞ்சள் மேலேயே சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் என்ன கேட்பது? ஆனால் தர்மகர்த்தா பெரியண்ணன் சாமானியத்தில் எதையும் முடிக்கிற ஆள் இல்லை. யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். வரும் புதன்கிழமை சாயந்திரம், பாஞ்சாலியின் முறை முடிந்ததும் மோட்டார் ரூமைப் பூட்ட வேண்டும். சாவி அவரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை கோவிந்தன் ஒரு முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். பூட்டிய ரூமுக்குள் மோட்டார் தானாக ஓடினால் பாஞ்சாலி சொன்னது நிஜம். ஓடாவிட்டால் அவள் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். அப்புறம் கோவிந்தன் பார்த்து விடுகிற தண்ணீர்தான்.

பாஞ்சாலி சரி என்றாள். எத்தனை பூட்டுப் போட்டாலும் அது ஓடத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியும். நாலு வாரமாகத் தன் மானத்தை வாங்கிய சனியன், ஐந்தாவது வாரம் தன்னைக் காப்பாற்றட்டுமே என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் சனிக்கிழமை பாய் வந்து பார்த்தபோதும் துணிதான் மஞ்சளாயிற்று, கோளாறு மட்டும் கிடைக்கவில்லை.

மார்கழி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. விடியலில் எழுந்து தலைக்குக் குளித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் செய்கிற மாதிரி மஞ்சளை உரசி, உதிராமல் இருக்கக் கொஞ்சம் பச்சரிசி மாவு சேர்த்துக் கெட்டியாகக் குழைத்தாள். பழைய இரும்புப் பெட்டி சொரசொரப்பாக இருந்ததால் வெறும் மஞ்சளே ஒட்டிக்கொள்ளும். புதுப் பெட்டியின் பெயிண்டில் மாவு சேர்க்காவிட்டால் காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறது. கிண்ணத்தோடு கிணற்று மேட்டுக்குப் போனாள். பூட்டு தொங்கியது. போன காரியத்தை விடக் கூடாது என்று கதவில் மூன்று பொட்டு வைத்துக் குங்குமம் இட்டு, ஊதுபத்தியைக் கதவிடுக்கில் செருகி, "தாயே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நல்லா ஓடிடு" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

பதினொன்றரைக்கே ஊர் கூடிவிட்டது. தர்மகர்த்தாவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில். கோவிந்தன் வேப்ப மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ராஜாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாயிற்று. உள்ளே இருந்த குண்டு பல்பு மினுக்கென்று எரிந்தது. கரண்டு வந்துவிட்டது.

மோட்டார் ஓடவில்லை.

பன்னிரண்டே கால் ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. ஓடவில்லை. ஒரு மணிக்குத் தர்மகர்த்தா தொண்டையைக் கனைத்தார். பாஞ்சாலி ஜன்னலுக்கு ஓடி, உள்ளே சுவரில் தேமே என்று உட்கார்ந்திருந்த அந்தத் தகரப் பெட்டியை முறைத்தாள். ஓடாதே என்று கத்திய நாட்களில் ஓடியது, ஓடு என்று கும்பிட்ட நாளில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கையில் கிடைத்திருந்தால் கிணற்றில் தூக்கிப் போட்டிருப்பாள்.

"ஓடு! ஓடேன்! இன்னிக்குத்தான் உனக்கு நல்ல புத்தி வந்துச்சா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பூட்டுனா ஓடல. தொறந்திருந்தா ஓடுது. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?" கோவிந்தன் வேப்ப மரத்தைப் பார்த்துச் சொன்னான். "சாமி முன்னால சத்தியம் வேற."

அந்தக் கடைசி வார்த்தைதான் பாஞ்சாலியை உட்கார வைத்துவிட்டது. திருடி என்பது போதாதென்று பொய்ச் சத்தியக்காரியும் ஆகிவிட்டாள். வரப்பில் உட்கார்ந்து மஞ்சள் காட்டைப் பார்த்தாள். இலை நுனியெல்லாம் பழுப்பு ஏறியிருந்தது. தைக்குள் வெட்ட வேண்டும். இன்னும் நாலு தண்ணீர் பாய்ந்தால்தான் கிழங்கு திரளும். ஒயரைப் பிடுங்கிவிட்டால் அந்த நாலு தண்ணீருக்கும் ராஜாமணி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தீர்த்தகிரிக்கு என்னவென்று கடுதாசி எழுதுவது?

இரண்டு மணிக்கு முனாப் பாய் தொழுகை முடித்து, தொப்பி கூடக் கழற்றாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். தர்மகர்த்தா அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்.

"பாய், அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க. இந்தப் பெட்டியில கோளாறு உண்டா இல்லையா?"

முனாப் பாய் பாஞ்சாலியைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உள்ள இருக்கறது பூரா புதுசுங்க. நான் பாத்தவரைக்கும் கோளாறு இல்லைங்க. ஆனா இந்தம்மா பொய் சொல்றவங்களாத் தெரியல. எனக்கே மண்டை காயுதுங்க."

"கோளாறு இல்லன்னுட்டீங்க. அது போதும். ஒயரைக் கழட்டிடுங்க."

பெரியண்ணன் பூட்டைத் திறந்தார். பாய் உள்ளே போனார். பாஞ்சாலியும் பின்னாலேயே போனாள். தன் மோட்டாரைப் பிரிப்பதைத் தானே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். பாய் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பல்பு அணைந்ததைப் பார்த்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் பையிலிருந்து துணியை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, ஸ்டார்ட்டரை மேலிருந்து கீழே ஒரு துடை துடைத்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.

துணி சுத்தமாக இருந்தது.

பாஞ்சாலி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன சனிக்கிழமை துணி மஞ்சள். அதற்கு முன்னாலும் மஞ்சள். அதற்கு முன்னாலும் மஞ்சள். இன்றைக்கு மட்டும் மஞ்சள் இல்லை. இன்றைக்கு மட்டும் மோட்டார் ஓடவில்லை. பாய் கடையில் பெட்டி இருந்த பத்து நாளும் பொட்டு இல்லை, ஓட்டமும் இல்லை.

அவளுடைய கட்டை விரல் தானாக மடங்கியது. ஸ்டார்ட்டருக்குப் பொட்டு வைக்கிற இடம் பச்சைப் பட்டன்தான். சிவப்பு, நிற்கிற பட்டன். நிற்கிறதற்கு யாராவது பொட்டு வைப்பார்களா? பச்சை உருண்டையாக, நெற்றி மாதிரி, பொட்டுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஷாக் அடிக்குமே என்ற பயத்தில் வெள்ளிக்கிழமை காலையில், பல்பு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் விரலை வைப்பாள். உதிரக் கூடாதென்று நன்றாக அழுத்தித்தான் வைப்பாள். மஞ்சளும் மாவும் பட்டனைச் சுற்றி இறங்கி, அழுத்தின பட்டனை அப்படியே பிடித்துக்கொண்டு காய்ந்துவிடும். பன்னிரண்டு மணிக்குக் கரண்டு வந்ததும் அந்தப் பட்டன் அழுத்தியபடியேதான் இருக்கும். மம்மட்டிக் காம்பால் குத்தினால் மஞ்சள் விட்டுப் பட்டன் மேலே வரும். மிச்சம் இருந்ததைச் சனிக்கிழமை பாய் துடைத்துவிடுவார்.

நாலு வாரம். நாலு வாரமாக அவள் தேடின திருடன் அவள் கட்டை விரலிலேயே இருந்திருக்கிறான்.

சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில் அவளுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமையில் என் விரல் அந்தப் பட்டன் மேல் பட்டிருந்தால் என்றல்லவா சத்தியம் பண்ணினாள்? வாயைத் திறந்தால் சத்தியம் பொய். திறக்காவிட்டால் தண்ணீர் போகும். சத்தியம் பொய்த்தாலும் மஞ்சள் கருகும், தண்ணீர் போனாலும் மஞ்சள் கருகும். பாய் முதல் ஸ்குரூவைக் கழற்றிவிட்டார்.

"பாய், நிறுத்துங்க."

"என்னம்மா?"

"அத மறுபடி முடுக்குங்க." பாஞ்சாலி வெளியே வந்தாள். காலையில் கதவோரம் வைத்துவிட்டுப் போன மஞ்சள் கிண்ணம் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எல்லாரும் ஜன்னல்கிட்ட வாங்க. அக்கா, நீங்களும் வாங்க. நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பண்றத இப்பப் பண்ணப் போறேன். கரண்டு இல்ல, ஃபியூஸ் கட்டை பாய் கையில இருக்குது. பாத்துக்குங்க."

காய்ந்து இறுகியிருந்த மஞ்சளில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மோட்டாருக்கு ஒன்று வைத்தாள், மெயின் போர்டுக்கு ஒன்று வைத்தாள். பிறகு ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனில் கட்டை விரலால் அழுத்தி ஒன்று வைத்து, மேலே குங்குமம் இட்டாள். கையை எடுத்தாள். பட்டன் உள்ளேயே இருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. முனாப் பாய்க்குத் தெரிந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். "கட்டையைச் சொருகுங்க பாய்" என்றாள். பாய் சொருகினார்.

மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. குழாய் இரண்டு தடவை இருமியது, பிறகு தண்ணீர் தொட்டியில் மொத்தென்று விழுந்தது.

"யா அல்லா!" முனாப் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "காயில் மாத்தினேன், ரிலே மாத்தினேன், ஸ்பிரிங்கு மாத்தினேன். கோளாறை நானே சனிக்கிழமை சனிக்கிழமை தொடைச்சி எடுத்துட்டு, கோளாறே இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். எல்லா மோட்டார் ரூம்லயும் இருக்கற மஞ்சள்தானேன்னு நெனச்சிட்டேனே!"

கூட்டம் சிரித்தது. தர்மகர்த்தாவே சிரித்துவிட்டார். பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கோவிந்தன் இருந்த பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாமா, தண்ணி நான் திருடல. ஆனா பட்டன் மேல என் வெரலு பட்டிருக்குது. எல்லா வெள்ளிக்கிழமையும் பட்டிருக்குது. நான் பண்ணது பொய்ச் சத்தியந்தான். அதுக்கு சாமி என்ன பண்ணுதோ பண்ணட்டும். நீங்க திருடின்னு மட்டும் சொல்லாதீங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. சத்தியத்தை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பெரியண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராஜாமணி முந்திக்கொண்டாள்.

"ஏன்டி, பொட்டு வெக்கறது தொடறதாடி? நானுந்தான் எங்க கைப்பிடிப் பெட்டிக்கு வெள்ளி தவறாம வெக்கறேன். பொட்டு வெச்ச வெரலுக்கு மாரியாத்தா தண்டனை குடுப்பாளா? போக்கத்தவளே, இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என் சோளம் தப்பிச்சிருக்குமே!" சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. திருட்டு என்ற சொல்லை முதலில் எடுத்தவள் அவள்தான். அது அவளுக்கும் நினைவிருந்தது.

கோவிந்தன் தொட்டியில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைத் தண்ணீர். அவன் முறைத் தண்ணீர். முனாப் பாய் சங்கடத்தோடு துணியை எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பக்கம் போனார்.

"தொடைச்சிட்டு நிறுத்திடறேங்க" என்றார்.

"ஓடித் தொலையட்டும் வுடு பாய்" என்றான் கோவிந்தன். பாயிடம் சொன்னதும் போதாது என்று பட்டதோ என்னவோ, பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

"நின்னுகிட்டே இருந்தா எப்படி? மம்மட்டிய எடுத்துக்கிட்டுப் போயி மஞ்ச காட்டுக்கு மடையத் தொற. தண்ணி வீணாப் போவுது."